பார்வையாளர் நேரம்: நான்கு முதல் ஐந்து வரை

நான் தரை போடுகிறவன். மற்றவர்கள் நிமிர்ந்து நடப்பதற்காக முப்பது வருஷமாக முட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன். யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால், "மட்டம் சரியில்லாத குளியலறையைவிடப் பெரிய பேயை நான் பார்த்ததில்லை" என்று சொல்லிச் சிரிக்கிற ஆள். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

நகரத்தின் நடுவில், பேருந்து நிலையத்துக்கும் நூலகத்துக்கும் இடையே அந்தப் பூங்கா இருக்கிறது. ஒரு காலை பத்து மணிக்கு என் சாக்குப் பையோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். வரைபடம் போட்ட அம்மா எனக்கு முன்பே வந்து, மூலையில் கிடந்த வெற்று மண்ணில் சுண்ணாம்புத் தூளால் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு இழுத்து வைத்திருந்தார்.

"என்னம்மா இது, கொசுவத்திச் சுருளா?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சுற்றுப்பாதை. ஒரே வாசல், ஒரே வழி. கிளை எதுவும் கிடையாது. நடந்தா நடுவுக்குப் போய்ச் சேருவீங்க. அதே வழியில திரும்பி வரணும். யாரும் தொலைஞ்சு போக முடியாது."

"தொலைய முடியாத வழிக்கு எதுக்கும்மா இவ்வளவு சுத்து?"

"மனசுல எதையாவது வச்சிட்டு நடக்கிறவங்களுக்கு நேர் வழி பத்தாதுங்க."

படித்தவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் நான் கோடு பிசகமாட்டேன். பாதை இரண்டடி அகலம். பாதைக்கும் பாதைக்கும் நடுவே எல்லையாக, செங்குத்தாக நட்ட செங்கல் வரிசை. மொத்தம் ஐந்து சுற்று. வட்டமான வேலையை எப்போதும் நடுவிலிருந்துதான் தொடங்கவேண்டும்; வெளியிலிருந்து போட்டுக்கொண்டு போனால் நடுவில் வந்து கல் உட்காராது. அதனால் நடுக்கல்லை முதலில் பதித்து, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து, பதினாறாவது நாள் வாசலில் வந்து முடித்தேன். பூங்காவுக்கு வருகிறவர்கள் அதற்கு 'நத்தை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

புதுக் கல் வாங்க வழியில்லை, இடிக்கப்போகிற பழைய ஆஸ்பத்திரியின் தரைக் கற்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். பெயர்க்கப் போனதும் நான்தான். பெண்கள் வார்டு. இரண்டு பக்கமும் கட்டில் கிடந்த இடத்தில் கல்லெல்லாம் நொறுங்கிப் போயிருந்தது. நடுவே நடைபாதைக் கற்கள் மட்டும் கெட்டியாக இருந்தன. கதவிலிருந்து தொடங்கி, வார்டின் கடைசி வரை பெயர்த்தேன். அந்தக் கடைசியில், ஜன்னலுக்குக் கீழே, நடைபாதையையே மறித்துப் போட்டிருந்த கூடுதல் கட்டில் ஒன்றின் தலைமாட்டுக் கால்கள் இரண்டும் துருவேறிய வட்டங்களாக ஒரே கல்லில் பதிந்திருந்தன.

அது இருபத்திரண்டாம் நம்பர் கட்டில். அதில்தான் என் அக்கா செத்துப்போனாள்.

வேலையை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இடிக்கிற யந்திரம் வந்து அந்தக் கல்லைத் தூளாக்குவதைவிட என் கையால் பெயர்ப்பது மேல் என்று தோன்றியது.

அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். தையல் மெஷின் மிதித்தே என்னை ஆளாக்கினாள். முப்பத்தெட்டு வயதில் நுரையீரல் கெட்டு அந்த வார்டில் படுத்தாள். எனக்கு அப்போது இருபத்துநான்கு. பார்வையாளர் நேரம் நான்கு முதல் ஐந்து வரை. ஐந்து அடித்தால் காவலாளி கைமணியை ஆட்டிக்கொண்டு வார்டு முழுக்க நடப்பான். எல்லோரும் வெளியே போகவேண்டும். ஒரு நாள் அவள் கண்ணாடியின் காது ஒடிந்துவிட்டது. "கை நீட்டுற தூரத்துக்கு அப்பால எல்லாம் நிழலாத் தெரியுதுடா. யார் வர்றாங்க, யார் போறாங்கன்னே தெரியல. சரி பண்ணிக் கொண்டு வா" என்றாள்.

மறுநாள் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். சின்ன ஒரு திருகாணி கிடைக்கவில்லை என்று கடைக்காரர் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துத் தேடினார். நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வந்தபோது ஐந்து பத்து.

"மணி அடிச்சாச்சு. நாளைக்கு வா" என்றான் காவலாளி.

கெஞ்சினேன். கத்தினேன். பிறகு, நாளைக்குத்தானே என்று திரும்பிவிட்டேன். அந்தத் திரும்பலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் காலையில் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வார்டு ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நேத்து நாலு மணியிலருந்து யார் காலடி கேட்டாலும் 'தம்பியா, தம்பியா'ன்னு கேட்டுட்டே இருந்தாப்பா."

கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. அதன் பிறகு இருபத்தேழு வருஷம் என் கருவிப் பெட்டியில், மட்டம் பார்க்கிற ரசமட்டத்துக்கு அடியில், கடைக்காரர் கொடுத்த கூட்டிலேயே இருந்தது.

நத்தை திறந்து ஒரு மாதம் இருக்கும். பூங்காவின் தோட்டக்காரம்மா எனக்குப் போன் செய்தார். மண்வெட்டிபோல நறுக்கென்று பேசுகிற பெண்மணி.

"அண்ணே, நீங்க போட்ட பாதையில நடக்கிறவங்க பாதியிலயே செங்கல்லைத் தாண்டிக் குதிச்சு ஓடுறாங்க. என் செடியெல்லாம் போச்சு. வந்து பாருங்க."

"நடக்க அலுத்துப்போய் குறுக்கே வந்திருப்பாங்கம்மா."

"காலையில யாரும் குதிக்கல. மத்தியானம் குதிக்கல. நாலு மணிக்கு மேலதான். அப்புறம்..." குரலைத் தாழ்த்தினார். "பினாயில் வாடை வருதுண்ணே. நான் பூங்காவுல பினாயில் ஊத்துறதே இல்ல."

போனேன். நாலே முக்கால் மணி. வெயில் சாய்ந்து, மரங்களின் நிழல் பாதைமேல் நீண்டு கிடந்தது. நூலகத்துப் பக்கம் மக்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். ஏதாவது கல் ஆடுகிறதா என்று மிதித்துப் பார்த்தபடியே உள்ளே நடந்தேன்.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் திரும்பும்போது வாடை வந்தது. பினாயில், அதற்கடியில் கொதிக்க வைத்த துணியின் வாடை, அதற்கும் அடியில் நாள்பட்ட காய்ச்சலின் வாடை.

இடது பக்கம் யாரோ இருமினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். செங்கல் வரிசை. அதற்கு அப்பால் செடி. அவ்வளவுதான்.

வலது பக்கம் இரும்புக் கட்டில் கிறீச்சென்றது. படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது வருகிற சத்தம். தலையைக் குனிந்துகொண்டேன், என் தொழிலில் பயம் வந்தால் தரையைப் பார்ப்பது வழக்கம். காலடிக் கல்லில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அயோடின் கறை. எனக்கு அதைத் தெரியும். நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில், ஆறாம் நம்பர் கட்டிலுக்கு எதிரே இருந்த கறை. அடுத்து மூலை உடைந்த கல். அது எட்டாம் நம்பர். அதற்கடுத்து யாரோ ஆணியால் பூக்கோலம் போலக் கீறிய கல்.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது.

பழைய கல்லை மறுபடி பதிக்கும்போது அதைக் கலைத்துவிட்டுத்தான் பதிக்கவேண்டும். சீட்டுக்கட்டைக் கலைப்பது மாதிரி. இல்லாவிட்டால் தேய்ந்த கல்லெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்து, தரை திட்டுத் திட்டாகத் தெரியும். தொழிலுக்கு வந்த முதல் வாரம் கற்றுக்கொள்கிற பாடம் அது. திறப்பு விழா நெருக்கியது, இடுப்பும் வலித்தது, நான் கலைக்கவில்லை. கதவோரம் பெயர்த்த கல் அடுக்கின் அடியிலும், இருபத்திரண்டாம் கட்டிலின் கல் மேலேயும் இருந்தன. லாரியில் ஏற்றியபோது தலைகீழானது. இறக்கியபோது மறுபடி பழையபடி ஆனது. மேலே இருந்த கல்லை முதலில் எடுத்து நடுவில் வைத்தேன். வரைபடக்கார அம்மா துரு வட்டங்களைப் பார்த்து "அழகா இருக்கே" என்றார். நான் கலவையைக் குழைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அடுக்கு எப்படிக் கொடுத்ததோ அப்படியே வாங்கி வாங்கி வாசல் வரை பதித்துவிட்டேன்.

வார்டைச் சுருட்டி வைத்திருந்தேன். கதவு வாசலில். அக்கா நடுவில்.

நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. தெளிவான குரல் அல்ல, மூச்சு வாங்குகிற குரல்.

"தம்பியா?"

எங்கோ மிக அருகில் கைமணி ஆடியது.

என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. செங்கற்களைத் தாண்டித் தாண்டி, செடிகளை மிதித்து, புல்லில் போய் விழுந்தேன். தோட்டக்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "நீங்களுமா?" என்றார்.

அந்த வாரமே பூங்காப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டார். "ஜனங்க வழுக்கி விழுறாங்களாம். தேய்ஞ்ச கல்லையெல்லாம் வரிசையா வச்சிருக்க. கலைக்கவே இல்லையா நீ? எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்க? திங்கட்கிழமை மொத்தத்தையும் பெயர்த்து, நல்லாக் கலைச்சுப் போடு."

"சரிங்க சார்" என்றேன்.

கலைத்தால் எல்லாம் முடிந்துவிடும். வாடை போகும், இருமல் போகும், மணி போகும். அக்காவும் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம்.

வீட்டில் என் மனைவி, நான் கருவிப் பெட்டியிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுப்பதைப் பார்த்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். "தலையை வாரிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று ஐம்பதுக்கே வாசலில் நின்றேன். இருபத்தேழு வருஷம் தாமதமாக வந்தவன், பத்து நிமிஷம் முன்னதாக வந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கே சிரிப்பு வந்தது. நாலு அடித்ததும் உள்ளே காலெடுத்து வைத்தேன்.

அந்தப் பாதையை மெதுவாக நடந்தாலும் ஐந்தாறு நிமிஷம்தான் ஆகும். அன்றைக்கு முதல் சுற்று முடியவே நெடுநேரம் ஆனது. வெளியே பேருந்துச் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்பது போல மங்கியது. வாடை வந்தது. இரண்டு பக்கமும் கட்டில்கள் முனகின. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டிலையும் தாண்டும்போது, என்னைப் பார்க்கத் தலையைத் தூக்குகிறார்கள் என்று உணர முடிந்தது.

"யாருக்கு வந்திருக்கு?" ஒரு கிழவியின் குரல்.

"எனக்கு இல்ல. வேற யாருக்கோ."

"கொஞ்சம் தண்ணி..."

என் கையில் தண்ணீர் இல்லை. குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். மூன்றாம் சுற்றில் பாதை நடுக்கல்லுக்கு மிக அருகே போகிறது. ஓர் எட்டுப் போட்டால் நடுவில் நிற்கலாம். பிறகு விலகி மறுபடி வெளிச்சுற்றுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். வரைபடக்கார அம்மா வேண்டுமென்றே அப்படிப் போட்டிருந்தார். அந்த இடத்தில் அவள் மூச்சு எனக்குக் கேட்டது. தாண்டிவிடலாமா என்று நினைத்தேன். குறுக்கே தாண்டினால், போன முறை போல வார்டே மறைந்து வெளியே புல்லில்தான் விழுவேன் என்று தெரியும். அழுதுகொண்டே விலகி நடந்தேன்.

கடைசித் திருப்பம். எதிரே துரு வட்டங்கள் தெரிந்தன.

மணி அடித்தது.

வாசல் பக்கமிருந்து, நடந்து வரும் மணி. ஒவ்வொரு கட்டிலாகத் தாண்டி, சுற்றிச் சுற்றி, என் முதுகை நோக்கி வந்தது. கூடவே அந்தக் குரல்.

"மணி அடிச்சாச்சு. நாளைக்கு வா."

என் கால்கள் திரும்பின. ஐம்பத்தொரு வயதுக் கால்கள், இருபத்துநாலு வயதில் கற்றதை மறக்கவில்லை. தொடையை இரண்டு கையாலும் பிடித்து, கனமான கல்லை நகர்த்துவது போல என்னை நானே திருப்பினேன்.

"மாட்டேன்யா" என்றேன். "நாளைக்கு அவ இருக்கமாட்டா."

மணி என் பிடரிக்குப் பின்னால் நின்றது. சில்லென்ற உலோகத்தின் குளிர் கழுத்தில் பட்டது. நான் நடந்தேன். நடுக்கல்லின் மேல் ஏறி, துரு வட்டங்களுக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன்.

எதுவும் தெரியவில்லை. மூச்சு மட்டும், என் முகத்துக்கு நேரே.

"யாரு?" என்றாள்.

கூட்டை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டேன்.

"யாரோ பெரியவர் மாதிரி தெரியுது. கொஞ்சம் தள்ளி உட்காருங்க ஐயா. என் தம்பி வர்ற நேரம். அவன் உட்கார இடம் வேணும்."

நான் அழுத அழுகையை எழுத எனக்கு வராது. கூட்டைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, சட்டையில் துடைத்து, காதுகளை விரித்து, மூச்சு வந்த இடத்துக்கு நேரே நீட்டினேன். கண்ணாடியின் கனம் என் விரல்களை விட்டு நீங்கியது. அது கீழே விழவில்லை.

மூச்சு நின்றது.

பிறகு என் தலையில், நரைத்த முடியில், விரல்கள். மெஷினில் துணியைத் தள்ளித் தள்ளிக் காய்ப்பேறிய விரல்நுனிகள்.

"இவ்வளவு வயசாயிடுச்சாடா உனக்கு?"

"லேட்டாயிடுச்சுக்கா" என்றேன்.

"சரி. வந்துட்டல்ல" என்றாள்.

மறுபடி மணி. இந்த முறை அவளே என் தோளைத் தள்ளினாள். "போ. சத்தம் போடப்போறான்."

எழுந்தேன். வெளியே வர ஒரே வழிதான். அதே வழி. நான் மறந்துபோன விஷயம் அதுதான்.

இருபத்தொரு கட்டில்களும் விழித்திருந்தன. இருபத்திரண்டாம் நம்பருக்கு ஆள் வந்ததை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமிருந்தும் கைகள் என் வேட்டியைத் தொட்டன. பிடிக்கவில்லை, தொட்டன.

"தம்பி, எனக்கு யாராச்சும் வந்திருக்காங்களா? வாசல்ல பார்த்தீங்களா?"

"என் பொண்ணு நிக்கிறாளா? பச்சைச் சேலை கட்டியிருப்பா."

"எனக்குங்க? ஆறாம் நம்பர்."

நான் என்ன செய்வேன்? ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று சொன்னேன். வராங்கம்மா. வந்துட்டே இருக்காங்க. நாளைக்கு வந்துருவாங்க. இருபத்தொரு தடவை சொன்னேன். வாசலுக்கு வந்தபோதுதான், காவலாளி என்னிடம் சொன்ன அதே வார்த்தையை நான் இருபத்தொரு பேரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

திங்கட்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு கல்லையும் பெயர்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று அடிப்பக்கத்தில் சாக்பீஸால் நம்பர் போட்டு, ஓரமாக அடுக்கினேன். நடுக்கல்லுக்கு வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மேலே கண்ணாடி இல்லை. நாலு பக்கமும் சிமெண்ட் பூச்சு நான் போட்டபடியே, ஒரு மயிரிழைகூட விரியாமல் இருந்தது. உளியால் நெம்பித் தூக்கினேன்.

அடியில், நான் தட்டி மட்டம் பார்த்த மணலில், கண்ணாடி இருந்தது. படுத்துக்கொள்ளும் முன் தலைமாட்டில் வைப்பது போல, காதுகள் இரண்டையும் மடித்து, பத்திரமாக.

நான் அதைத் தொடவில்லை.

மறுநாள் தொடங்கி ஒரு வாரத்தில் கல்லையெல்லாம் அதே நம்பர் வரிசையில், ஒன்றுகூட மாறாமல், திரும்பப் பதித்தேன். அடியில் கொஞ்சம் மணல் கூட்டி, மேலே சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டேன். பொறியாளர் வந்து இரண்டு சுற்று நடந்து பார்த்தார். அது காலை பதினோரு மணி. "பாத்தியா, கலைச்சதும் எப்படி அமைஞ்சிருக்குன்னு!" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். என் தொழிலில் நான் சொன்ன ஒரே பொய் அது.

இப்போதெல்லாம் வேலை எங்கே இருந்தாலும் மூன்றரைக்குச் சாந்து பூசும் கரணையைக் கழுவி வைத்துவிட்டுப் பூங்காவுக்கு வந்துவிடுகிறேன். நத்தையின் வாசலில் நிற்கிறேன். போகிற வருகிறவர்களிடம், "நேரமிருந்தா ஒரு தடவை உள்ள போய்ட்டு வாங்களேன். குறுக்கே தாண்டாம, முழுசா நடங்க. யாராவது ஏதாவது கேட்டா ஒரு வார்த்தை பதில் சொல்லுங்க" என்கிறேன். பலர் என்னைப் பைத்தியக்காரன் என்று விலகிப் போகிறார்கள். சிலர் போகிறார்கள். தோட்டக்காரம்மா தினமும் தண்ணீர்ச் செம்போடு ஒரு சுற்று போய்விட்டு வருகிறார். காலியான செம்போடு வருகிறார்.

நான் மட்டும் உள்ளே போவதில்லை. அவளிடம் போக வேறு வழி கிடையாது. என் பொய்யை நம்பிக் காத்திருக்கிற இருபத்தொரு பேரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

நேற்று ஒரு பெண் உள்ளே போனாள். அலுவலகப் பை, கழுத்தில் அடையாள அட்டை, பேருந்துக்கு நேரமிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே போனவள். திரும்பி வர நெடுநேரமானது. வாசலுக்கு வந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

"உள்ள யாரையாவது பாத்தீங்களாம்மா?" என்றேன் மெல்ல.

"யாரும் இல்லைங்க. யாருமே இல்ல." பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வழி நெடுக வெறும் குரல்தான். நடுவுல ஒரு குரல் தம்பியைப் பத்திப் பேசுச்சு. நீங்கதான் அவங்க தம்பியா?"

நான் தலையாட்டினேன்.

"இப்பெல்லாம் வாசல் வரைக்கும் கண்ணு நல்லாத் தெரியுதாம். தினமும் நீங்க வந்து நிக்கிறதைப் பாக்குறாங்களாம்." அவள் நத்தையின் நடுவைத் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் உள்ள வரமாட்டேங்கிறான்னு கேட்டாங்க."

மணியைப் பார்த்தேன். நாலு ஐம்பத்தெட்டு.